உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம்

ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் கொசுவுக்கு முன்னால் கிளம்பிவிடுகிற பிறவி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் "நான் டூரிஸ்ட் இல்லை." ஜூலை மாதத்தில், கழுத்தில் கேமரா, கையில் வரைபடம், முழங்காலில் ஜிப் வைத்துக் கீழ்ப்பாதியைக் கழற்றிவிடுகிற கால்சட்டை, மூக்கு நுனியில் அப்பிய வெயில் களிம்பு, இத்தனையோடும் ஆயிரம் டூரிஸ்டுகள் வந்த அதே கப்பலில் வந்து இறங்கி, படகுத்துறையில் முதல் அடி வைத்த மறுநொடியே முகத்தைச் சுளித்து, "ச்சே, எங்க பாத்தாலும் டூரிஸ்டுங்க!" என்று சலித்துக்கொள்வார். சரி, அப்படியென்றால் நீங்கள் யார் ஐயா? தப்பித்தவறிக் கேட்டுவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் பதில் சொல்வார்.

இவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம். ஆங்கிலத்தில் உணவுப் பட்டியல் வைத்திருக்கும் கடையில் கால் வைக்கமாட்டார். பட்டியலில் மீன் படம் போட்டிருந்தால் தெருவையே மாற்றிக்கொள்வார். கடல் தெரிந்தால் போச்சு! கடல் தெரிகிற மேசை டூரிஸ்டுகளுக்காக விரித்த வலையாம், உள்ளூர்க்காரன் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடமாட்டானாம். ஏன் மாட்டான்? அவனுக்கு என்ன கண் அவிந்தா போயிருக்கிறது? அதெல்லாம் நமக்குப் புரியாது. இவருக்குப் புரியும். இவர் பயணி.

கிரேக்க நாட்டில் இருக்கிற எங்கள் சிஃப்னோஸ் தீவுக்குக் கடந்த கோடையில் வந்த கெரிட் இந்த இனத்தில் முற்றிய மாதிரி. நெதர்லாந்துக்காரர். அங்கே ஸ்வோலெ என்கிற ஊரில் கால்வாய்களின் நீர்மட்டத்தை அளந்து எழுதுகிற உத்தியோகம். கூட வந்தவள் மனைவி மார்லீஸ், பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். கல்யாணமாகி இருபத்திரண்டு கோடைகள். இருபத்திரண்டு கோடையும் பயணம். ரோம் போனார்கள், கொலோசியம் பார்க்கவில்லை. "அது கூட்டத்துக்கு" என்று சொல்லி, கெரிட் ஊருக்கு வெளியே டயர் தொழிற்சாலை ஒன்றின் உணவுக்கூடத்தில் வரிசையில் நின்று ஆறிப்போன பாஸ்தா வாங்கிக் கொடுத்தார். பாரிஸில் ஈஃபிள் கோபுரத்துக்கு முதுகைக் காட்டியபடி மூன்று நாள். வெனிஸில் பேருந்துப் பணிமனைக்கு எதிரே ஒரு சந்து; அங்கே சாப்பிட்டது என்னவென்று இன்றைக்கும் மார்லீஸுக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்தில் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட, "வெனிஸ்ல அந்தப் படகுல போனீங்களா?" என்று கேட்பார்கள். அவள் சிரித்து மழுப்புவாள். ஒவ்வோர் ஊரிலும் அவர் பார்க்காத நேரம் குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தப் பொம்மை ஒன்றை வாங்கிக் காலுறைக்குள் ஒளித்துவைப்பாள். கொலோசியம், ஈஃபிள் கோபுரம், வெனிஸ் படகு எல்லாமே அவள் அலமாரியில், கெரிட்டுக்குத் தெரியாமல், இருட்டில் கிடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ச் சாப்பாட்டுக்காக உயிரை விடும் இந்த மனிதரின் பெட்டியில் சொந்த ஊர்ப் பாலாடைக்கட்டி இரண்டு கிலோ, ரொட்டியில் தூவித் தின்கிற சாக்லேட் துகள் மூன்று டப்பா, காப்பித்தூள், நிலக்கடலை வெண்ணெய் எல்லாம் இருந்தன. அதெல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு. காலைச் சாப்பாடு கணக்கில் வராதாம்.

அந்த வருஷம் மார்லீஸுக்கு ஐம்பது வயது நிறைகிற வருஷம். அவர்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உறவினர்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக் கொடுப்பார்கள். "எனக்கு வட்டமும் வேணாம், கேக்கும் வேணாம்" என்று மார்லீஸ் மார்ச் மாதமே சொல்லிவிட்டாள். "கடலோரத்துல ஒரு மேசை. அலை வந்து கால நனைக்கணும். சூரியன் கடல்ல இறங்குறத பாத்துகிட்டே பொரிச்ச கணவாய் சாப்பிடணும். ஒரே ஒரு தடவை, கெரிட். அவ்வளவுதான்." மாமியார் மாமனார் முன்னால் கெரிட் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் ஊர் திரும்பக் கப்பல். ஆக அந்த ஒரு மாலைதான் மிச்சம். எங்கள் காமரெஸ் துறையில் மேசைகளைத் தண்ணீர் ஓரமாகவே போட்டிருப்பார்கள். நாலு நாளாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மார்லீஸ் நடையைத் தளர்த்துவாள். கெரிட் நடையை முடுக்குவார்.

ஞாயிறு காலை கெரிட் நைசாக ஆரம்பித்தார். "சாயங்காலம் உன் மேசைக்குத்தான் போறோம், சந்தேகமே இல்ல. ஆனா மத்தியானத்துக்கு ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடிச்சு நல்லா சாப்பிட்டுட்டோம்னு வையி, சாயங்காலம் பசியே இருக்காதே! அப்புறம் அந்த டூரிஸ்ட் கடைக்கு எதுக்குப் போகணும்?"

"எனக்குப் பசிக்கும்" என்றாள் மார்லீஸ்.

உள்ளூர்க்காரர்களின் வாலைப் பிடித்துக்கொண்டே போவது கெரிட்டின் வழக்கம். மலைமேல் கிராமத்தில் தேவாலயத்திலிருந்து ஒரு கூட்டம் வெளியே வந்தது. நல்ல சட்டை போட்ட ஆண்கள், கறுப்புடையில் பெண்கள். கூட்டம் பக்கத்திலிருந்த கூடத்துக்குள் நுழைந்தது. எட்டிப்பார்த்தால் நீளமான மேசைகள், கொதிக்கிற கொண்டைக்கடலைச் சூப்பின் வாசனை. கெரிட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா? இங்கிலீஷ் பட்டியல் கெடையாது! பட்டியலே கெடையாது! பெயர்ப்பலகைகூட இல்ல மார்லீஸ்!"

"கெரிட், எல்லாரும் கறுப்பு போட்டிருக்காங்களே..."

"அது இவங்க பாரம்பரிய உடை. புத்தகத்துல போட்டிருக்கு."

மேசை நடுவில் மீசைக்கார முதியவர் ஒருவரின் படம் இருந்தது. முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. "நிறுவனர்" என்று காதோடு சொன்னார் கெரிட். "குடும்பமா நடத்துற கடைகள்ல அப்பா படத்த இப்படித்தான் வச்சிருப்பாங்க. இதெல்லாம் டூரிஸ்ட் கடையில பாக்க முடியுமா?"

உங்களுக்குப் புரிந்துவிட்டது. மார்லீஸுக்குப் பாதி புரிந்துவிட்டது. புரியாதது ஓர் ஆளுக்குத்தான், இருபத்திரண்டு வருஷமாக உலகத்தைப் புரிந்துவைத்திருந்த அந்த ஆளுக்கு.

வந்தவரைப் போகச் சொல்லும் வழக்கம் எங்கள் தீவில் கிடையாது. யாரோ இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சூப் வந்தது, மீன் வந்தது, ஒயின் வந்தது. சின்னக் காகிதப் பையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் திராட்சையும் கலந்த அவித்த கோதுமை வந்தது. கெரிட் மூன்று பை தின்றார். பக்கத்தில் இருந்த கிழவரின் தோளைத் தட்டி, இதை எப்படிச் செய்வது என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், கற்றுவைத்திருந்த முப்பது கிரேக்கச் சொற்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, கோப்பையை உயர்த்தி, "யாமாஸ்!" என்று முழங்கினார். நம் எல்லாருடைய ஆரோக்கியத்துக்கும் என்று பொருள். எதிரே இருந்தவரின் கோப்பையில் டங்கென்று ஒரு மோதலும் மோதினார்.

கூடத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. இந்தச் சாப்பாட்டில் கோப்பையை மோதமாட்டார்கள். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுக் குடிப்பார்கள். மேசைக் கோடியில் ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள், அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். மார்லீஸுக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

கெரிட் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். அவர் ஒரு குழுவில் இருக்கிறார், டூரிஸ்டுகளைப் பிடிக்காத நாலாயிரம் டூரிஸ்டுகள் சேர்ந்து நடத்துகிற குழு. யாருக்கும் தெரியாத இடங்களை நாலாயிரம் பேருக்கு மட்டும் சொல்லிக்கொள்வார்கள். எழுதுவதற்குக் கடையின் பெயர் வேண்டுமே? பரிமாறிக்கொண்டிருந்த கறுப்புடை அம்மாளைக் கூப்பிட்டு, "இந்த இடத்தோட பேர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கையைச் சுழற்றிக் காட்டினார். கை சுழன்று வந்து படத்துக்கு நேரே நின்றது.

"ஸ்தமாத்திஸ்" என்றார் அந்த அம்மாள்.

கெரிட் எழுதினார்: "ஸ்தமாத்திஸ். தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடம். டூரிஸ்டே கிடையாது. சூப் அபாரம். ஆட்கள் கொஞ்சம் உம்மணாமூஞ்சி, ஆனால் மனசு நல்ல மனசு. கோதுமையில் சர்க்கரை தூக்கல், அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்." அனுப்பியும் விட்டார். அனுப்பிய கையைத் தூக்கிக் காற்றில் எழுதிக்காட்டி, பில் கேட்டார்.

அந்த அம்மாளின் மகன் லெஃப்தேரிஸ் வந்து குனிந்தான். "பில்லா? எதுக்குய்யா பில்லு? எங்கப்பாவுக்கு இன்னிக்கு நாப்பதாம் நாள். எங்கம்மா போட்ட சாப்பாடு இது."

கருமாதிச் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட்ட முதல் மனிதர் எங்கள் கெரிட்டாகத்தான் இருக்கவேண்டும். முகம் வெயில் களிம்பையும் மீறி வெளுத்தது. மார்லீஸ் எழுந்து ஓடிப்போய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க, எங்களுக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது" என்று அழுதே விட்டாள்.

அந்த அம்மாளின் பெயர் கலியோபி, எழுபது வயது. நாற்பது நாளாக அழுது வற்றிய கண். "எதுக்குக் கண்ணு அழுவுற? தெரியாதவங்க வந்து வயிறாரச் சாப்பிட்டா போனவருக்கு நல்லதுதான். அந்த மனுஷன் இருந்திருந்தா உன் புருஷன்கூடச் சேந்து அவரும் கோப்பைய மோதியிருப்பாரு, கூறுகெட்ட மனுஷன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஆமா, நீ ஏன் இப்படி வாடி நிக்கிற? மூஞ்சியில ஒரு களையே இல்லையே?"

"இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள்" என்றாள் மார்லீஸ். பிறகு கடலோர மேசை, கணவாய், இருபத்திரண்டு கோடை எல்லாம் கொட்டிவிட்டாள். லெஃப்தேரிஸ் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கக் கூடமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"காமரெஸ்லயா? தண்ணியோரத்து முதல் மேசையா?" கலியோபி அம்மாள் கணவரின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அது எங்க மேசை கண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா அவரும் நானும் அங்கதான். முப்பது வருஷமா அதே மேசை. அவரு போனதுக்கப்புறம் எனக்கு அந்தப் பக்கம் போகத் துணிச்சல் வரல. இன்னிக்கு வா, போவோம். நீ வந்தா நானும் வருவேன்."

கெரிட்டுக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல... அந்த இடம் டூரிஸ்டுங்களுக்கானது இல்லையா? நீங்கல்லாம் வேற எங்கியாவது ரகசியமா..."

லெஃப்தேரிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மீன் அங்க நல்லா இருக்கும். காத்து வரும். கடல் தெரியும். வேற எங்கய்யா போவாங்க?"

மாலை ஏழரைக்கு முதல் மேசையில் கலியோபி அம்மாள், அவருடைய தங்கைகள் இருவர், நடுவில் மார்லீஸ். கடற்காற்று குளிர்ந்ததால் யாரோ தன் கறுப்புச் சால்வையை அவள் தோளில் போர்த்திவிட்டிருந்தார்கள். பொரித்த கணவாய் வந்தது. எலுமிச்சையைப் பிழிந்தாள். அலை வந்து பாதத்தை நனைத்தது. ஸ்தமாத்திஸின் நாற்காலி காலியாகக் கிடந்தது, கலியோபி அம்மாள் அதன்மேல் கைவைத்தபடியே சாப்பிட்டார். சூரியன் கடலைத் தொட்டபோது மார்லீஸுக்கும் கலியோபி அம்மாளுக்கும் கண் கலங்கியது, வேறு வேறு காரணத்துக்காக. கெரிட் மட்டும் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்தால் இருபத்திரண்டு வருஷமும் பொய்யாகிவிடுமே!

அப்போது இளம் ஜோடி ஒன்று, மூச்சிரைக்க, கையில் கைபேசியோடு மலையிலிருந்து இறங்கி வந்தது. நாலாயிரத்தில் இரண்டு. ஸ்தமாத்திஸ் என்கிற கடையை இரண்டு மணி நேரமாகத் தேடுகிறார்களாம், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய கூடம்தான் இருக்கிறதாம். கெரிட் தொண்டையைச் செருமினார். அவர்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. கறுப்புச் சால்வையும் கணவாயும் சூரியனுமாக இருந்த அந்த மேசையைப் பார்த்தபடியே நின்றார்கள்.

"ஐயோ, எவ்வளவு அழகு! இந்த அம்மாங்கள ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றாள் அந்தப் பெண். கேமராவைக் கண்ணில் வைத்தாள். உடனே இறக்கினாள். கெரிட்டைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னாள்: "சார், நீங்க கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? உள்ளூர்க்காரங்க மட்டும் வர்ற மாதிரி எடுக்கணும். டூரிஸ்ட் யாராவது விழுந்துட்டா படமே கெட்டுடும்."

கெரிட் நகர்ந்தார். மார்லீஸ் நகரவில்லை. கறுப்புச் சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் போன விடுமுறையில் மதுரையில் இறங்கியதும், விடுதிக்காரர் கைகாட்டிய எதிர்க்கடையைத் துச்சமாகப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பசியில் சிணுங்க, ஆட்டோக்காரரிடம் குனிந்து ரகசியம் போலக் கேட்டீர்களே, "அண்ணே, நீங்கல்லாம் எங்க சாப்பிடுவீங்க, அங்க விடுங்க" என்று? ஏழெட்டுத் தெரு சுற்றி எங்கேயோ ஒரு சந்தில் இறக்கிவிட்டாரே? நீங்கள் உள்ளே போனதும் அவர் என்ன செய்தார் என்று திரும்பிப் பார்த்தீர்களா? வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து, வீட்டில் கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தார்.