இன்ஜின் அக்காவும் ஹெட்லைட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ரயில் இன்ஜினின் ஹெட்லைட்டோடு சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் இன்ஜின் அக்காதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

நார்த்தாமலைப் பக்கம் ரயில்வே கேட்டை ஒட்டி அவருக்குப் பஜ்ஜிக்கடை. மகள் கவிதா சரக்கு ரயிலில் உதவி டிரைவர். வீட்டுக்கு வந்தால் தூங்கித் தீர்ப்பாள். அந்த முகம் அக்காவுக்குப் போதாது. இன்ஜினில் உட்கார்ந்து வருகிற முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். ஹெட்லைட் விட்டால்தானே? கண் கூச்சம் தெளிவதற்குள் இன்ஜின் கடந்துவிடும்.

பட்டப்பகலில் யாருக்கு லைட்டு என்று ஸ்டேஷன் மாஸ்டரிடமே போய்க் கேட்டார். பகலிலும் எரியணும், அதுதான் ரூல் என்றார் அவர். லாரிக்காரன்கூட டிம் பண்ணுகிறான், பெற்றவளுக்குப் பண்ணக் கூடாதா என்று மகளைப் பிடித்தார். டூட்டியில் சிக்னலைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன் என்று அவளும் கையை விரித்துவிட்டாள்.

உதவி டிரைவருக்கு வலப்பக்க இருக்கை என்று தெரிந்ததும் அக்கா கடையையே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார். வண்டி திரும்பி வரும்போது மகள் இந்தப் பக்கம் இருந்தாள். கடைசியில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பஜ்ஜி சுட்டார். வாழைக்காய் கேட்டவனுக்கு மிளகாய் வந்தது.

ஒருநாள் மத்தியானம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கவிதாவின் வண்டி வேகம் குறைந்து கடைக்கு நேர் எதிரே நின்றது. இன்ஜினின் நெற்றியில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வண்டியில் கோளாறு, எதிரே வருகிறவர்கள் நிறுத்துங்கள் என்று அதற்கு அர்த்தம். மகளிடம் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு அந்த விளக்கெல்லாம் மனப்பாடம்.

கவிதா இறங்கினாள். பின்னால் ஏதோ பெட்டியில் பிரேக் குழாய் கழன்றுவிட்டதாம். அம்மாவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஜல்லிக்கரண்டியை நீட்டி விரட்டினார்.

"இங்கிட்டு என்னத்தப் பாக்குற? மஞ்ச லைட்டு மின்னுதுல்ல. போ ஆத்தா, போயி வேலையப் பாரு."

அவள் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். குழாயை மாட்டிவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து ஏறினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது, வண்டி கிளம்பிப் போனது. சட்டியில் ஒரு ஈடு பஜ்ஜி கரியாகியிருந்தது.

இன்றைக்காவது முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எங்கங்க பாத்தேன்? அந்த மஞ்ச லைட்டு எப்ப அணையும்னே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அதற்குமேல் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கருகிய பஜ்ஜியில் நாலு கேட்டு வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றேன்.