மெதுவாகக் கிளம்பும் மெஷினைத் திருப்பி அனுப்புவது குறித்து

அன்பு மச்சானுக்கு,

நலமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நலம்தானே? இங்கே உன் அக்காவும் பிள்ளைகளும் நலம். நீ பார்த்து வாங்கிக்கொடுத்த ரிப்பன் வெட்டும் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. இந்தக் கடிதத்தோடு வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். இறக்கிக்கொள்.

விஷயம் இதுதான். பரிசுப்பெட்டி செய்கிறவர் அரை மீட்டர் துண்டாக நாலாயிரம் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மெஷின் வந்த அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஸ்டெப் ஸ்டெப்பாக நகர்ந்து ரிப்பனை இழுக்கும் அந்த ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு துண்டுக்கும் மெதுவாகக் கிளம்புகிறது, நடுவில் ஓடுகிறது, நிற்கப்போகும்போது மறுபடி மெதுவாகிறது, மாமியார் வீட்டுக்குள் நுழைகிற புது மாப்பிள்ளை மாதிரி. நாலாயிரம் தடவை இப்படி நெளிந்தால் விளங்குமா? அந்த நெளிவுக்கென்று திரையில் ஒரு எண் இருந்தது. நானே அதைப் பூஜ்யமாக்கினேன். எடுத்த எடுப்பில் பாய ஆரம்பித்தது. நடுநடுவே ‘ஙொய்ங்’ என்று ஒரு முனகல். முனகினால் என்ன, வேலை நடக்கிறதே என்று ஆயிரம் துண்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் பெட்டிக்காரர் மூட்டையோடு வந்து நிற்கிறார். “ஏன்யா, பெட்டிக்குக் கேட்டேனா, எலிவாலுக்குக் கேட்டேனா? முடிச்சுப் போட்டா நுனியே இல்ல!” அளந்தேன்: ஒன்று நாற்பத்தேழு சென்டிமீட்டர், ஒன்று நாற்பத்திரண்டு. திரையில் மட்டும் எல்லாமே ஐம்பது! மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டால், “நிக்கிறத திடீர்னு ஓடச் சொன்னா அதால முடியாது சார். சில ஸ்டெப்ப விட்டுடும். விட்டது அதுக்கே தெரியாது” என்கிறார். “தெரியாம எப்படிய்யா ஐம்பதுன்னு காட்டுது?” “போட்ட உத்தரவத்தான் எண்ணுது சார், நடந்தத இல்ல.” எனக்குத் தலை சுற்றிவிட்டது மச்சான். உத்தரவை மட்டும் எண்ணுவதற்கு மெஷின் எதற்கு? வீட்டில் இருபது வருஷமாக நான் அதைத்தானே செய்கிறேன்! “அந்த எண்ணப் பழையபடி வைங்க சார்” என்றார். மெதுவாகக் கிளம்பி ஒழுங்காக முடிப்பதாம்! தெருத்தெருவாக மூட்டை தூக்கி வியாபாரம் படித்தவனிடம் இந்தக் கதையா? எனக்குப் புரியாத எதையும் நான் கடையில் வைத்துக்கொள்வதில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. குட்டிகள் நன்றாகப் படித்து, மெஷின் வாங்குகிற விஷயத்தில் மட்டும் அப்பாவைப் போல் ஆகாமல் வளர என் ஆசிகள்.

கோபம் இருந்தாலும் உறவை விடாத
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா கூப்பிட்டாள். “ஏங்க, வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி மெக்கானிக் சொன்ன எண்ணப் போட்டுப் பாத்தேன். வந்து அளங்க.” நூறு துண்டு அளந்தேன். நூறும் ஐம்பது. முனகலும் இல்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கு இன்னும் புரியவில்லை. வியாழக்கிழமையே முடித்துவிடுவேன் என்று பெட்டிக்காரரிடம் சொன்னேன். இன்னும் ஆறாயிரம் வேண்டும் என்கிறார். ஆகவே மெஷின் வரவில்லை, வண்டி மட்டும் வருகிறது. திரும்பும்போது அது வெறுமனே வரக்கூடாது. இதே மாதிரி இன்னொன்றை ஏற்றி அனுப்பு. அந்த எண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டும் ஒட்டிவிடு. நான் எழுதி ஒட்டினால் நானே கேட்கமாட்டேன்.