மச்சான் இல்லாத முகப்பு

இனிமேல் என் வலைத்தளத்தில் என் மச்சான் சிரிக்கக் கூடாது. போன மாதம் ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். வாழ்க்கையைப் பற்றி ஆழமாகக் கட்டுரை எழுதுகிறவன் நான். அதற்கென்றே ஒரு வலைத்தளம். அதை வடிவமைக்கும் வேலையை, எங்கள் மகள் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்த நாகல் நகர் கடைக்காரரிடமே கொடுத்துத் தொலைத்தேன். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, எழுத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நட்டநடுவில் என் மனைவியின் அண்ணன் பாண்டியராஜ், கூலிங் கிளாஸ் மாட்டி, செல்போனைக் காதில் வைத்தபடி. தாய்மாமன் படம் இல்லாமல் எங்கள் ஊரில் எதையும் அடிக்கக் கூடாதாம். எழுதியவன் படம்? ஓரத்தில், ஆதார் அட்டையில் இருக்கிற அளவுக்கு.

கட்டுரையெல்லாம் மச்சான் காலடியில் கிடந்தது. படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். கருத்தால் அல்ல, கலரால். ஒரு வாசகர், ஒரே ஒரு வாசகர், இரண்டு வரி எழுதிப் போடமாட்டாரா என்று ஏங்கி ஏங்கியே எனக்கு முன்மண்டை காலியாகிவிட்டது.

வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அவ்வளவுதான் வேண்டும். ஆனால் தளத்துக்குள் நுழைய ஓடிபி வருவது என் மனைவி மணிமேகலையின் போனுக்கு. அண்ணனைத் தூக்கப்போகிறேன் என்றால் அன்றைக்குச் சோறு கிடையாது. அதனால் பழியை வாசகர்கள் மேல் போட்டேன். படிக்கிறவர்களுக்குக் கண் கூசுகிறதாம், வேண்டாததை எடுத்துவிட்டால் நல்லதாம் என்று அடுப்படியில் போய் நைசாகச் சொன்னேன்.

"தாராளமா எடுங்க," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. ஆனா எது வேணும், எது வேணாம்னு யாரு சொல்றது?"

"வாசகர் சொல்லட்டும். யாரும் பார்க்காதது எதுவா இருந்தாலும் தூக்கிருவோம்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்ன ஒன் அண்ணனா, பேச்சு மாற?"

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதில் வந்தது. மச்சான் படத்தைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை. 'மனிதனும் மௌனமும்' என்ற என் கட்டுரையைப் பார்த்தவர் ஒருவர்.

"அது நீங்கதான்," என்றாள்.

போனால் போகிறது என்று மூலையில் அவளுக்கு ஒரு சமையல் பக்கம் கொடுத்திருந்தேன். அங்கே திருவிழாக் கூட்டம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற இம்புட்டு அவரைக்காய் வெஞ்சனத்துக்கு துபாயிலிருந்து ஆள் வருகிறது! இலக்கியத்தைத் தலை எண்ணியா அளப்பது என்று கத்தினேன். வாசகர் சொல்லட்டும் என்றது யார் என்று அவள் சாவகாசமாகக் கேட்டாள்.

செத்த நேரத்தில் தளத்திலிருந்து மச்சான் போனார். கூடவே என் கட்டுரைகளும் போயின, ஒன்று விடாமல். இது எந்த ஊர் நியாயம்?

இப்போது தளம் பளிச்சென்று இருக்கிறது. அது வேறு வயிற்றெரிச்சல். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ரசம், கூட்டு, பொரியல். அவள் படம் பிடிக்க வேண்டுமே, அதனால் காய் நறுக்குவது நான்.

முந்தாநாள் அந்த வாசகர் கடிதம் வந்தேவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தேன்.

"தளம் இப்போதுதான் படிக்கத் தெளிவாக இருக்கிறது, அக்கா. படத்தில் வெங்காயம் நறுக்குகிற அந்த ஆளையும் எடுத்துவிட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும்."