வெயில் சாரும் ஒன்பது வருடச் செடியும்

அரியலூரில் வெயிலுக்கு என்றைக்கும் குறைவில்லை. அதையும் அளந்து கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் ‘வெயில் சார்’. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஜூனியர் கிளார்க்.

அவர் மேஜையைச் சுற்றிப் பதினொரு செடிகள். கள்ளி, கற்றாழை, பெயர் தெரியாத குண்டு இலைச் செடிகள் எல்லாம் உடைந்த டீ கப்பிலும் பிஸ்கட் டின்னிலும் குடியிருந்தன. காலையில் இரண்டு மணி நேரம் கிழக்கு ஜன்னல். பிறகு பீரோ நிழல். ஒரே பக்கம் சாயாமலிருக்க தினமும் கால்வட்டம் திருப்ப வேண்டும். ஊரெல்லாம் பறக்கும் சிமெண்டுத் தூசியைத் துடைக்க ஒரு ஷேவிங் பிரஷ் வைத்திருந்தார். அதிகாரியே கூப்பிட்டாலும், “ரெண்டு நிமிஷம் சார், வெயில் ஏறிக்கிட்டிருக்கு” என்பார்.

பட்டா விஷயமாக வந்த திருமழபாடி விவசாயி ஒருவர் கையிலும், வெயிலில் பிடித்திருக்கச் சொல்லி ஒரு டின்னைக் கொடுத்துவிட்டார். விவசாயி பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

“ஏங்க, எங்க வேலிக் கள்ளிக்கு யாருங்க வெயில் காட்டுறாங்க?”

“அது வெயில்லயே பொறந்தது. இது ஆபீஸ்ல வளந்ததுய்யா. அப்படியே புடிச்சுக்க, சாய்க்காத!”

பட்டா அன்றே கிடைத்தது. விவசாயி அதற்கப்புறம் எங்கள் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்தக் கோடையில் கண்புரை ஆபரேஷனுக்காக சார் திருச்சிக்குப் போனார். ஒன்பது வருடம் கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு செடி அப்போதுதான் முதல்முறையாக மொட்டு விட்டிருந்தது. கிளம்புமுன் செடிகளின் வெயில் நேர அட்டவணையை என் கையில் திணித்தார்.

“கட்டுப் பிரிச்சுட்டு வந்ததும் இந்தப் பூவைத்தான் பாக்கணும். உன்னை நம்பித்தான் போறேன் தம்பி.”

இரண்டு நாள் ஒழுங்காக நகர்த்தினேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. கள்ளிக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று பதினொன்றையும் மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். நாலாவது நாள் ஏறிப் பார்த்தால் எல்லாம் கருகிய அப்பளம். மொட்டு சுருங்கித் தொங்கியது. அவசரமாக இறக்கி வைத்தேன். இறக்கி என்ன பயன்?

சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நேராக அந்தச் செடியிடம் போய்க் குனிந்து, விரலால் மொட்டைத் தொட்டார். அது உதிர்ந்தது.

“மாடியில வச்சியா?”

“ஆமாங்க சார்.”

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்கும் டாக்டர் இதேதான் சொன்னாரு. கட்டுப் பிரிச்சதும் வெயில்ல நிக்கக்கூடாது, கொஞ்சங்கொஞ்சமாத்தான் வரணும்னு. அதுங்களுக்கு யாரு சொன்னா, பாவம்.”

மறுநாள் சார் தன் நாற்காலியைப் பீரோவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கருகினாலும் உயிர் மிச்சமிருந்த செடிகளும் அங்கேயே. தினமும் அரை அடி ஜன்னலை நோக்கிப் பயணம். முதலில் டின்களையும் கப்புகளையும் நகர்த்துவேன், பிறகு சாரை.

“இன்னிக்கு இவ்வளவு போதும்டா” என்பார். தனக்குச் சொல்கிறாரா, செடிக்குச் சொல்கிறாரா என்று தெரியாது.

பாதி தூரம் வந்திருந்தபோது, நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல் வந்தது. பெரம்பலூர், சொந்த ஊர். சாரை அந்த அரைநிழலில் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போடும்படி மனு எழுதினேன்.

காரணம் என்ற இடத்தில், ‘சொந்த வேலை’ என்று போட்டேன்.