நிறுவனர் மீசையும் காற்றியக்க மேம்பாடும்

காற்றுக்கே ஒழுக்கம் கற்றுக்கொடுத்த பெருமை உலகில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் உண்டு. அது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்கும் பெயின்ட் டப்பா செய்யும் ஆலைக்கும் நடுவே, நீலத் தகரக் கொட்டகை ஒன்றில் அடக்கத்தோடு இயங்குகிறது. பெயர் 'மாருதம் நியூமேட்டிக்ஸ்'. முப்பது வருடம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்த கம்பெனி. நிறுவனர் காலமானதும் மகன் ஹேமநாத் பொறுப்பேற்றார். விடுமுறைக்கு வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்குப் போனவர், அங்கே ஒருவன் காற்றடைத்த இறக்கையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பலகைமேல் நின்றபடி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வழுக்கிப் போவதைப் பார்த்தார். ஊர் திரும்பிய அன்றே தார்ப்பாய் என்ற சொல்லைக் கம்பெனிக்குள் தடைசெய்தார்.

கம்பெனி தைத்த இறக்கையைப் பழவேற்காட்டு ஏரியில் ஓட்டிப் பார்க்கும் வேலை லோகுவுக்கு வாய்த்தது. ஏரிக்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவன். ஆடுகிற படகில் நின்றுகொண்டே பீடி பற்றவைக்கக் கூடியவன் என்பதைத் தகுதியாகக் கொண்டு, 'சோதனை ஓட்டுநர் (தற்காலிகம்)' என்று ஒரு பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டைக்கு உயிர் போகும். கெஞ்சினால் திரும்ப வரும். இறக்கை தேர்வு பெற்றுவிட்டால் நீல அட்டை, அதாவது நிரந்தரம். மனைவி புவனேஸ்வரிக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் கையில் நீல அட்டை இருக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இறக்கையோ தேர்வு பெறுவதாக இல்லை. காற்று பிடித்ததும் எழும்பும். பத்து நொடி ராஜகம்பீரமாகப் போகும். அப்புறம் இடப்பக்க நுனி சோர்ந்து, படபடவென்று அடித்து, லோகுவைத் தண்ணீரில் தள்ளும். இருபத்தாறு முறை ஓட்டினான். இருபத்தாறு முறையும் இடப்பக்கமே விழுந்தான்.

இடப்பக்கத்தில் நிறுவனர் இருந்தார். கரையில் நிற்பவர்களுக்கும் தெரியும் அளவில் அவருடைய திருமுகத்தை ரப்பர் மையால் மூன்று பூச்சு அச்சிட்டிருந்தார்கள். மீசைக்கு மட்டும் ஏழு பூச்சு; வாழ்ந்த காலத்திலும் அந்த மீசை அப்படித்தான் இருந்ததாம். காற்று பிடிக்கும்போது இறக்கைத் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்ப வேண்டும். வலப்பக்கம் உப்பியது. இடப்பக்கத்தில் மீசை உப்ப மறுத்தது.

இதை லோகு முதல் நாளே மதிவாணனிடம் சொல்லிவிட்டான். மதிவாணன் வடிவமைப்புப் பொறியாளர். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருபவர், காற்றைப் பற்றிப் பட்டமேற்படிப்பு படித்தவர்.

"சார், ரெக்கைல ஒரு கொறையும் இல்ல. அந்த மீசைதான் கனமா கீது. அத்த மட்டும் உரிச்சிட்டீங்கன்னா போதும்."

மதிவாணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "தெரியும் லோகு. கம்ப்யூட்டர்லயும் அதான் வருது."

"அப்ப சொல்றதுக்கு இன்னா சார்?"

"அவங்க அப்பா மீசைய எடுங்கன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லவா?"

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் லோகு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'ஓட்டுநர் கருத்து' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நன்று, மிக நன்று, மிக மிக நன்று. லோகு பொய் சொல்லாதவன். உடம்பெல்லாம் நீர் சொட்ட நின்று, வெறும் 'நன்று' மட்டுமே போட்டுவந்தான்.

நிலைமை முற்றவே, ஒன்பது பேர் கொண்ட 'காற்றியக்க மேம்பாட்டு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் குழு காற்றை ஆராய்ந்தது. ஏரிக்காற்றில் கணிசமான பகுதி ஆந்திரப் பக்கமிருந்து வருவதால் அது 'நமது தர அளவுக்கு உட்பட்டதல்ல' என்று தீர்மானம் போட்டது. இரண்டாம் கூட்டத்தில் தண்ணீரை ஆராய்ந்து, உப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தது. மூன்றாம் கூட்டத்தில் இறக்கையையே மேசைமேல் விரித்தார்கள். நிறுவனர் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் எழுந்து நின்று, மாலை போட்டு, மடித்து வைத்துவிட்டார்கள்.

நான்காம் கூட்டத்தில் ஆராய மிச்சமிருந்தது லோகு மட்டும்தான்.

அவனை நடுவில் நிறுத்திச் சுற்றிவந்து பார்த்தார்கள். லோகுவுக்கு நல்ல முறுக்கு மீசை. ஹேமநாத் அதைக் கவலையோடு பார்த்துவிட்டு மதிவாணன் பக்கம் திரும்பினார்.

"மீசை காத்தைத் தடுக்குமா, தடுக்காதா? சயின்ஸ்படி சொல்லுங்க."

"தடுக்கும் சார்," என்றார் மதிவாணன். "பிரச்சினையே மீசைதான் சார்."

எந்த மீசை என்று அவர் சொல்லவில்லை. குழுவில் யாரும் கேட்கவுமில்லை. லோகு அவரைப் பார்த்தான்; அவர் தன் பேனாவைப் பார்த்தார். ஒன்பது கையெழுத்தோடு தீர்மானம் நிறைவேறியது. கவரைப்பேட்டை சலூனில், நிறுவனச் செலவில், காற்றியக்க மேம்பாடு அன்று மாலையே செய்து முடிக்கப்பட்டது.

வீட்டுக்குப் போனவனை வாசலிலேயே நிறுத்தினாள் புவனேஸ்வரி. "யாருப்பா நீ? எங்க ஊட்டுக்காரரு வேலைக்குப் போயிக்கீறாரு, அப்பால வா," என்றாள். அப்புறம் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி உடு, கார்டு வந்தா மீசை தானா வளரும்," என்றாள்.

இருபத்தேழாம் சோதனையில் லோகு இடப்பக்கம் விழுந்தான். 'விழும் வேகம் நான்கு சதவீதம் குறைந்துள்ளது' என்று குழு அறிக்கை வெளியிட்டு, இனிப்பு வழங்கியது.

இருபத்தெட்டாவதுதான் கடைசி. ஏரிக்கரையில் புதிதாக வந்த உல்லாச விடுதிக்காரர்கள் பத்து இறக்கை வாங்குவதற்காகப் பார்க்க வந்திருந்தார்கள். ஷாமியானா, நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். லோகுவின் பச்சை அட்டைக்கு அன்று மாலை ஐந்து மணியோடு ஆயுள் முடிகிறது. இறக்கை இன்று பறக்காவிட்டால் அட்டையைப் புதுப்பிப்பதில் அர்த்தமில்லை என்று ஹேமநாத் வருத்தத்தோடு தெரிவித்துவிட்டார்.

லோகு தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் போனான். ஆழம் வந்ததும் கைப்பம்பால் இறக்கைக்குக் காற்று ஏற்றினான். நிறுவனர் மெல்ல மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தார். லோகு தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு வலை அறுக்கும் கத்தியை எடுத்தான். நனைந்த ரப்பர், வாளை மீனின் தோலைப்போல ஒரே இழுப்பில் வந்தது. அதை ஏரியில் போட்டுவிட்டு, பலகையை இறக்கினான்.

இறக்கை உப்பியது; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பலகை தண்ணீரை விட்டுச் சத்தமில்லாமல் மேலே வந்தது. பத்து நொடி தாண்டியது. நூறு நொடி தாண்டியது. தூரத்தில் பூநாரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நம்ம ஆள்தான் என்பதுபோல மறுபடி குனிந்துகொண்டன. வாழ்நாளெல்லாம் அந்த ஏரியில் துடுப்புப் போட்டவனுக்கு, ஏரி இவ்வளவு சிறியதா என்று இருந்தது. கரையில் கைதட்டினார்கள். ஹேமநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கண்ணோடு மறுபடி பார்த்தபோது, மழித்த முகத்தோடு அவருடைய அப்பா எதிரே பறந்து போனார்.

குழு அங்கேயே ஷாமியானாவுக்குள் அவசரமாகக் கூடியது. மீசையைச் சுரண்டியதால் பறந்தது என்றால் வடிவமைப்பு தவறு. காற்றில் உரிந்துபோனது என்றால் அச்சு தவறு. இரண்டுக்கும் ஒப்புதல் தந்து ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே, மூன்றாவதாக ஓர் உண்மை தயாரிக்கப்பட்டது. அதைச் சோதனைப் படிவத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, கரை சேர்ந்திருந்த லோகுவின் படகுக்கு மதிவாணன் வந்தார். மற்றொரு கையில் நீல அட்டை.

"கையெழுத்துப் போடு லோகு. நீ மீசை எடுத்ததாலதான் பறந்துச்சுன்னு எழுதியிருக்கு."

"அப்ப விக்கிற ரெக்கைல பெரியவரு மீசை?"

"இருக்கும். இனிமே ஏழு இல்ல, ஒம்பது பூச்சு."

"வாங்கினு போறவன் இடப்பக்கம் உழுவான் சார். நீச்சல் தெரிலன்னா செத்துப்பூடுவான்."

"ஓட்டுறவங்க மீசை எடுத்துடணும்னு கையேட்டுல முதல் பக்கத்துலயே போடப்போறோம். அதுக்கு மேல விழுந்தா நம்ம பொறுப்பில்ல." மதிவாணன் குரலைத் தாழ்த்தினார். "உன் சம்சாரத்த நெனச்சுக்கோப்பா."

லோகு நினைத்துக்கொண்டான். அட்டையில் அவனுடைய புதுப் படம் இருந்தது, மீசையில்லாமல். நீலமும் நல்ல நீலம். பேனாவை வாங்கி, கையெழுத்து இடத்தை விட்டுவிட்டு, 'ஓட்டுநர் கருத்து' என்ற இடத்தில் இருந்த மூன்று கட்டங்களுக்குக் கீழே நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தான். பக்கத்தில் 'இடப்பக்கம் உழுவும்' என்று எழுதி, அதில் டிக் போட்டான்.

பச்சை அட்டை விதிப்படி ஐந்து மணிக்கு இறந்தது.

மாருதம் இறக்கை அதன்பின் சிறந்த வடிவமைப்புக்கான விருது பெற்றது. ஹேமநாத் விருதை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். விடுதியில் பத்து இறக்கைகளும் ஓடுகின்றன. கையேட்டின் முதல் பக்கத்தை அங்கே யாரும் மீறுவதில்லை. வாசலிலேயே ஒரு நாவிதரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

லோகுவுக்குப் பெண் குழந்தை. மீசையும் வளர்ந்துவிட்டது. இறால் பிடிக்கிறான். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் மட்டும், இறால் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, இறக்கைகள் போகும் பாதைக்கு இடப்பக்கமாகப் படகை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறான். இதுவரை நீச்சல் தெரியாத பதினோரு பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறான்.

பதினோரு பேரில் ஒருவருக்கும் மீசை இல்லை.