கடலுக்குப் போன சித்தேரி மண்

"அதெல்லாஞ் செரிங்க, இது எந்தச் சாமிக்குப் படிக்கறது?" என்று கேட்டாள் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மலைக்காரி செல்லி.

குப்புராஜ் கையிலிருந்த காகிதத்தைத் தாழ்த்தினார். சித்தேரி மலையில், சாமைக் கொல்லையின் ஓரத்தில் கிடந்த கல்குவியல் மேல் உட்கார்ந்து அவர் அரைமணி நேரமாகப் படித்தது எந்தச் சாமிக்கும் அல்ல. கடலுக்கு.

'முகத்துவாரத்தின்கண் வண்டல் படிவு மிகுதலால் ஓதநீரின் உட்போக்குக் குன்றி, கடலோர ஜீவராசிகளின் நிலை கவலைக்கிடமாகின்றது' என்பது அவர் கடைசியாகப் படித்த வாக்கியம். எதிரே இருந்த நாற்பது பேரில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப்பேர் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள்.

அது 1938-ஆம் வருஷம். தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தில் மூன்று வருஷமாக மண் மேடிட்டு, படகுகள் தரைதட்டிக்கொண்டிருந்தன. சென்னையில் ஒரு கமிட்டி கூடியது. பல வேளை காப்பி குடித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. சேலம் ஜில்லா மலைகள்தான் அந்தக் குற்றவாளி. சரிவில் மண் அரித்து, ஓடையில் விழுந்து, ஆற்றோடு கடலுக்கு வருகிறதாம். ஆகவே, 'கடற்கரையின் இன்னல்களை மலைவாசிகளுக்கு, கேட்போரின் தகுதிக்கேற்ற நடையில் எடுத்துரைத்து', சரிவின் குறுக்கே கல்வரப்பு போடச் செய்யவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அது மேஜை மேஜையாக இறங்கி, அதற்குக் கீழே தள்ளிவிட மேஜை இல்லாத இடத்தில் வந்து நின்றது. அந்த இடம்தான், குடியானவர்களுக்குப் புது முறைகளைச் செய்துகாட்டும் அரூர் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் குப்புராஜ்.

குப்புராஜ் கடலைப் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக உத்தரவு கருதவில்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி சேலத்திலிருந்து துணை டைரக்டர் வருகிறார். மலையில் வரப்பைக் கண்டால், மூன்று வருஷமாகத் தற்காலிகமாகத் தொங்கும் குப்புராஜின் வேலை நிரந்தரமாகும். காணாவிட்டால் அவர் கடத்தூருக்குப் போய் மைத்துனருடைய செக்கில் மாடு ஓட்டலாம். மைத்துனருக்கு இவர்மேல் அபார நம்பிக்கை. செக்குக்கு வேறு ஆள் தேடுவதை அவர் அப்போதே நிறுத்திவிட்டார்.

ஆனால் குப்புராஜுக்குத் தம் பேச்சில் நம்பிக்கை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரூர்ச் சந்தையில் ஒரு கட்டைவண்டி மேல் ஏறி நின்று இரும்புக் கலப்பையின் பெருமையைப் பேசியிருக்கிறார். 'இரும்புக் கொழுவுக்குக் கல்தான் எமன்! நிலத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்ளுங்கள்!' என்று அவர் முழங்கியதை மலைக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். சேலத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மலை ஏறியது மட்டும் இதுவே முதல் தடவை. வண்டி அடிவாரம் வரைதான் போகும். விஞ்ஞானமும் அதுவரைதான் போயிருந்தது.

"கவுண்டரே, சுலபமாச் சொல்றேன்" என்று ஊர்க்கவுண்டர் மல்லையனிடம் திரும்பினார். "உங்க மண்ணு மழையில கரைஞ்சு, ஆத்துல போயி, கடலோரம் சேருது. அங்க புதுசா நிலமே உண்டாவுது!"

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"எங்க மண்ணா?"

"உங்க மண்ணேதான்."

"அதுல ஆருங்க வெள்ளாமை பண்றது?"

கேள்வி வந்த மகிழ்ச்சியில் குப்புராஜ் தம்மை மறந்தார். "அந்த ஊர்க்காரங்கதான். நெல்லு, தென்னை எல்லாம் வெச்சிருப்பாங்க."

மல்லையன் மெல்லத் தலையாட்டினார். விஷயம் மனத்தில் பதிந்துவிட்டது என்று குப்புராஜ் குறித்துக்கொண்டார். பதியத்தான் செய்தது. அடுத்த வாரம் கலெக்டருக்கு ஒரு மனு போயிற்று. 'டிமான்ஸ்ட்ரேட்டர் அய்யா நேரில் வந்து உறுதி சொன்னபடி', கடலோரத்தில் சித்தேரி மண்ணால் உண்டான நிலம் முழுவதுக்கும் தங்கள் பேரில் பட்டா கொடுக்கவேண்டும் என்று நாற்பத்தொரு பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

குப்புராஜ் மறுபடியும் மலை ஏறினார்.

"நிலமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க கவுண்டரே! நான் தப்பாச் சொல்லிட்டேன். மண்ணு பூராவும் தண்ணிக்குள்ள போயிடுது."

"அப்படிப் போயி என்ன பண்ணுது?"

"மேடு தட்டுது. படகு, தோணியெல்லாம் வந்து முட்டிக்கிட்டு நிக்குது. எவ்வளவு கஷ்டம் பாருங்க!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது பரிதாபம் என்று குப்புராஜ் நினைத்தார்.

"படகே நிக்குதுன்னா, இன்னும் கொஞ்சம் மண்ணு போனா கப்பலும் நிக்குங்களா?" என்று கேட்டாள் செல்லி.

"நிக்காம என்ன?"

"வெள்ளைக்காரன் கப்பலு?"

"கடலுக்கு வெள்ளைக்காரன் கறுப்புக்காரன்னு தெரியுமா ஆத்தா? எல்லாக் கப்பலும்தான் நிக்கும்."

"அட்றா சக்கை!" என்றார் மல்லையன். "நம்ம கொல்லை மண்ணு சீமைக் கப்பலையே மறிக்குதாம்டா!"

அன்று சித்தேரியில் ஒரே கொண்டாட்டம். குப்புராஜுக்குக்கூட ஒரு கிண்ணம் தேன் கொடுத்தார்கள். மழை சீக்கிரம் வரவேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டது.

இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. படிக்காதவர்களிடம் பேசியதுதான் தவறு என்ற முடிவுக்கு வந்து, குப்புராஜ் படித்தவரிடம் போனார். காட்டிலாகா ரேஞ்சர் சவுரியப்பன் சொன்னால் மலைக்காரர்கள் கேட்பார்கள்.

"சார், சர்க்கார் பாஷையிலேயே சொல்றேன்" என்று தொடங்கி, மண் அரிப்பையும் ஆற்றுப் போக்கையும் முகத்துவாரத்தையும் விளக்கினார். சவுரியப்பன் மூக்குப்பொடி டப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை வண்டி மண்ணு போவும்?"

விஞ்ஞானத்தில் ஒருவர் இவ்வளவு அக்கறை காட்டியது இதுவே முதல் தடவை. "வருஷத்துக்குப் பத்தாயிரம் வண்டி இருக்கும் சார்."

"பத்தாயிரமா! ஒரு கட்டு வெறகு எறங்கினாலே பர்மிட் கேக்கறவன்யா நானு. என் மூக்குக்குக் கீழேயே பத்தாயிரம் வண்டியா?"

"சார், அது மழை கொண்டுபோறது..."

"மழை மேல கேஸ் போட செக்ஷன் கெடையாது. மனுசன் மேலதான் இருக்குது."

மறுநாள் நாற்பத்தொரு வீட்டுக்கும் நோட்டீஸ் போயிற்று. சர்க்கார் காட்டை ஒட்டிய மண்ணை, பர்மிட் இல்லாமல், நீர்மார்க்கமாக வெளி ஜில்லாவுக்குக் கடத்தியதற்காக ஏன் கேஸ் போடக்கூடாது? இனி ஒரு கூடை மண் மலையைவிட்டு இறங்கினாலும் ஜெயில். கீழே, தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில், குப்புராஜின் பெயர் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

அதன் பிறகு குப்புராஜ் மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மைத்துனருக்கு மட்டும் ஒரு கார்டு எழுதி, மாட்டின் குணம் எப்படி என்று விசாரித்தார்.

இருபதாம் தேதி வந்தது. துணை டைரக்டர் மட்டக்குதிரையில் முன்னே போக, குப்புராஜ் தூக்குமேடைக்கு நடப்பவரைப்போலப் பின்னால் ஏறினார். கடைசி வளைவு திரும்பியதும் துணை டைரக்டர் குதிரையை நிறுத்தினார்.

"மை காட்!"

குப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கல் எதுவும் மேலே வந்து விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

மலைச்சரிவு முழுவதும் வரப்பு. மார்புக்கூட்டு எலும்பைப்போல வரிசை வரிசையாக, கொல்லைக்குக் கொல்லை, சரிவின் குறுக்கே கல்வரப்பு. அன்றைக்கு அவர் உட்கார்ந்து படித்த கல்குவியலைக் காணோம். ஜெயிலுக்குப் பயந்து சித்தேரி தன் மண்ணைக் கட்டிப்போட்டிருந்தது.

"பிரமாதம், மிஸ்டர் குப்புராஜ்! எப்படி ஐயா இவங்களுக்குப் புரியவெச்சீங்க?"

உயிர் திரும்பிய குப்புராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விஞ்ஞானம் கஷ்டமில்லை சார். கேக்கறவங்க தரத்துக்கு நாம எறங்கிப் போகணும். இவங்களுக்கு வரப்புன்னா என்னன்னே தெரியாது. நான்தான் ஒவ்வொரு கல்லாச் சொல்லிக்கொடுத்தேன்னு வெச்சுக்குங்களேன்."

"இந்த மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று துணை டைரக்டர் பையிலிருந்து நிரந்தர உத்தரவுத் தாளை எடுத்துக் குதிரையின் சேணத்தின் மேல் விரித்தார். பேனாவைத் திறந்தார். எதிரே கடைசிக் கல்லை அமுக்கிவைத்துக்கொண்டிருந்த செல்லியிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இவ்வளவு வரப்பு, ஒரு கோணல்கூட இல்லையே! இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

செல்லி நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"இதுல கத்துக்க என்னங்க இருக்குது, மூணு வருசத்துக்கு முந்தி இந்த ஐயா சந்தையில வண்டி மேல நின்னு கல்லையெல்லாம் எடுத்துப் போடச் சொன்னாருன்னு நாங்க பிரிச்சுப்போட்ட எங்க பாட்டங் காலத்து வரப்புதானுங்களே, தடம் அப்படியே கெடந்துது, திருப்பி வெச்சுட்டோம்!"