மூன்றாவது பெஞ்சு

"சார், உங்களைப் பத்திப் பேச ஒருத்தர் கெடச்சுட்டார்!" என்றார் தலைமை ஆசிரியை போனில்.

குழாய்க்கடை முதலாளிக்குச் சுருக்கென்றது. "என்னைப் பத்தியா? யாரு?"

"நாலாங்கிளாஸ்ல உங்ககூட ஒரே பெஞ்சுல உக்காந்தவராம். இங்கதான் சைக்கிள் கடை வெச்சிருக்கார். சுருட்டைன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்னு சொன்னார்."

தெரியாமலா? இந்த உலகத்தில் முதலாளி யாரை மறுபடி பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தாரோ, அவன்தான் அந்தச் சுருட்டை.

"டீச்சர், பேச்செல்லாம் எதுக்கு? ரிப்பனை வெட்டினோமா, கிளம்பினோமான்னு இருக்கட்டும்."

"என்ன அடக்கம் சார் உங்களுக்கு! அப்போ கண்டிப்பா அவரைப் பேச வெச்சே ஆகணும். கடைசியில வேண்டாம், ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடியே வெச்சுடறேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். முதலாளி நாலாம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் ஒரு நாள் இன்ஸ்பெக்ஷன் நடந்தது. வந்த அதிகாரி கண்ணை உருட்டியபடி பெஞ்சு பெஞ்சாகக் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். வகுப்பில் மொத்தமே மூன்று பெஞ்சுகள். கடைசிப் பெஞ்சில் இவரும் சுருட்டையும் மட்டும். அந்தக் காலத்தில் பள்ளியில் ஒதுங்க இடம் கிடையாது, காலையிலிருந்தே அடக்கி வைத்திருந்தது வேறு. இரண்டாவது பெஞ்சுக்காரன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பெஞ்சு நனைந்துவிட்டது.

அதிகாரி கரும்பலகைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பையன் பின்வாசல் வழியாக ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டான். காய்ச்சல் என்று வீட்டில் நம்பினார்கள். அடுத்த வாரமே அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டே சாமானோடு சாமானாக லாரியில் ஏறிப் போனவன் அந்த ஊர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அவன் ஓடிய பிறகு வகுப்பில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஊரே சிரித்திருக்கும் என்று மட்டும் தெரியும்.

அந்த வெட்கம் ஆளோடு கூடவே வந்தது. வியாபாரம் பெருகியது, தொப்பை வந்தது, முடி நரைத்தது; வெட்கம் மட்டும் நாலாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. போன வருஷம் தலைமை ஆசிரியை நன்கொடை கேட்டு வந்தபோது நூலகம்தான் கேட்டார். முதலாளி கழிப்பறைதான் கட்டித் தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த கையோடு, "நான் படிச்ச ஸ்கூலை நீங்க வந்து பாக்கணும்" என்று சம்பந்தியையும் திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார். சம்பந்தி நகைக்கடைக்காரர், எதையும் உரசிப் பார்த்தே வாங்கிப் பழகியவர். அவர் முன்னால் மானம் போனால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து வாழ்வாள்?

"எனக்கு உடம்பு சரியில்ல" என்றார் மனைவியிடம்.

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு இப்போ உடம்பு சரியில்லையா? சம்பந்தி கிளம்பி வந்துட்டே இருக்கார். கார்ல படுத்துக்கிட்டே வாங்க."

படுத்துக்கொள்ளவில்லை. ஊர் வந்ததும் மனைவியையும் சம்பந்தியையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று நேராகச் சைக்கிள் கடைக்குப் போனார். சுருட்டையைத் தனியாகப் பிடித்துக் காலில் விழுந்தாவது வாயை அடைத்துவிடுவது என்பது திட்டம்.

கடையில் சுருட்டை இல்லை. அவன் மனைவி ஒரு டியூபை அலுமினியச் சட்டித் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

"அவர் அப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாருங்களே. நீங்க யாரு?"

"இன்னைக்கு விழாவுக்கு வந்தவன். அவரோட பழைய சிநேகிதன்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமில்லம்மா, அவர் பேசும்போது அந்த மூணாவது பெஞ்சு விஷயம் மட்டும் வேண்டாம்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அதைச் சொல்லாம அவருக்குப் பேச வராதுங்க. அது தெரியாத ஆளே இந்த ஊர்ல இல்ல. எங்க பசங்களுக்கே மனப்பாடம்."

முதலாளிக்குக் காது சிவந்தது. ஆக, ஒரு தலைமுறை போதாதென்று அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான் பாவி.

"இல்ல... மேடையில சொன்னா மரியாதையா இருக்காதேன்னு பாத்தேன்."

"மரியாதையா? அது போய் எத்தனையோ வருஷமாச்சுங்க" என்றபடி அவள் மறுபடி டியூபை முக்கினாள்.

"கடைக்குப் பெரிய தொட்டியா ஒண்ணு போட்டுத் தரேன்மா. நல்ல கம்பெனித் தொட்டி. அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"எதுக்குங்க? இந்தச் சட்டியே போதும்." அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இவ்வளவு பதறுறீங்களே, எங்களுக்குத் தெரியாம அந்தக் கதையில அப்படி என்னதான் இருக்கு? நானும் வந்து கேக்கறேன் இருங்க" என்று கடையைப் பாதி சாத்திவிட்டு அவர் காரிலேயே ஏறிக்கொண்டாள். வராதவளையும் வண்டி வைத்து அழைத்துப் போனதுதான் மிச்சம்.

பள்ளி மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. முதலாளி மேடையில் உட்கார்ந்ததும் பதற்றத்தில் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை மடக் மடக்கென்று காலி செய்தார். தலைமை ஆசிரியை இன்னொன்று வைத்தார். அதையும் காலி செய்தார். அப்போதுதான் மேஜைக்கு அடியில் மைக் ஒயர் அவர் காலில் தட்டுப்பட்டது.

சட்டென்று ஒரு யோசனை. செருப்பு நுனியால் பிளக்கை ஒரு இழு இழுத்தார். தலைமை ஆசிரியையின் வரவேற்புரை பாதியில் ஊமையானது.

"ஐயோ பாவம், மைக் போச்சே! பேச்சை விட்டுட்டு நேரா ரிப்பனுக்குப் போயிடலாமே" என்றார் முதலாளி, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"கவலைப்படாதீங்க சார், கை தேர்ந்த ஆள் இங்கேயே இருக்கார்."

கூட்டத்திலிருந்து பளபளக்கும் வழுக்கைத் தலையோடு ஒருவன் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்தான். குனிந்து மேஜைக்கு அடியில் புகுந்தான், பிளக்கைச் செருகினான், எழுந்து முதலாளியை ஏற இறங்கப் பார்த்தான்.

"டேய் பூனை!"

மைக் பிரமாதமாக வேலை செய்தது. நாலாம் வகுப்புப் பட்டப்பெயரான பூனை மைதானம் முழுக்கக் கேட்டது.

"சு... சுருட்டை?" முடியில்லாத தலையைப் பார்த்துச் சொல்லவே கூச்சமாக இருந்தது. சுருட்டை அவரை இறுகக் கட்டிக்கொண்டான். அந்தப் பிடியில் இரண்டு பாட்டில் தண்ணீரும் தங்கள் இருப்பைத் தெரியப்படுத்தின.

முதலாளி தலைமை ஆசிரியையின் காதருகே குனிந்தார். "டீச்சர், அவசரமா ஒரு தடவை போயிட்டு வந்துடறேனே?"

"பழசை இடிச்சாச்சு சார். புதுசு நீங்க ரிப்பன் வெட்டினாத்தான். வாசல்ல பூட்டு போட்டு வெச்சிருக்கேன். சுருட்டை பேசி முடிக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

முதலாளி காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து சம்பந்தி கவலையோடு பார்த்தார். மனைவி சைகையால் என்ன என்று கேட்டாள். நாலாம் வகுப்பில் நடந்ததே நரைத்த தலையோடும் நடந்துவிடும் போலிருந்தது. இந்த முறை ஓடப் பின்வாசலும் இல்லை.

சுருட்டை தொண்டையைச் செருமினான். "இவனும் நானும் அப்படி ஒரு கூட்டு. கணக்கு இவன் போடுவான், நான் பாத்து எழுதுவேன். அடி வாங்கறதுன்னா சேந்தே வாங்குவோம். இவன் ஊரைவிட்டுப் போன அன்னிக்கு லாரி பின்னாலேயே ஓடினேன். போர்வையை விலக்கிட்டு ஒரு தடவை எட்டிப் பாப்பான்னு நெனச்சேன். பாக்கல."

லாரி பின்னால் யாரோ ஓடி வந்த சத்தம் முதலாளிக்கும் கேட்டிருந்தது. சிரிக்க வருகிறான் என்று நினைத்துப் போர்வையை இன்னும் இழுத்துக்கொண்டவர் அவர்.

"சரி, பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச வந்துட்டு அந்தக் கதையைச் சொல்லாம எறங்கினா நீங்க விடுவீங்களா?" என்று சுருட்டை கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். கூட்டம் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. "இன்ஸ்பெக்ஷன் வந்த அன்னிக்கு, மூணாவது பெஞ்சுல..."

அதற்கு மேல் முதலாளியால் தாங்க முடியவில்லை. அவன் வாயால் கேட்டு அவமானப்படுவதைவிடத் தானே சொல்லித் தொலைப்பது மேல் என்று எழுந்து பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஆமா, நான்தான்! பெஞ்சை நனைச்சது நான்தான்! நனைச்சுட்டு ஓடிப்போனதும் நான்தான். அந்த வெக்கத்துலதான் இத்தனை வருஷம் இந்த ஊர்ப் பக்கமே வரல. கழிப்பறை கட்டினதும் அதுக்குத்தான். போதுமா? நல்லா சிரிச்சுக்குங்க!"

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தியிருந்தார்கள். கண்ணைத் திறந்தால், மொத்தக் கூட்டமும் அவரைப் பார்க்கவில்லை, சுருட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுருட்டை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருடா லூசு. யாருடா உன்னைக் கேட்டா?"

கூட்டத்தின் நடுவிலிருந்து அவன் மனைவி மெல்ல எழுந்து நின்றாள்.

"அப்படின்னா, 'பெஞ்சை நனைச்சுட்டு உக்காந்திருந்தவனுக்கா என் பொண்ணு'ன்னு எங்கப்பா நேருக்கு நேர் கேட்டப்ப, இவர் எதுக்குங்க ஆமான்னு தலையாட்டினார்?"